கேளாத நீதி, நீதியா?

(செஞ்சியில் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செஞ்சிக்கு வருகிறவன் கண்ணில் முதலில் படுவது மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துப் பிடித்த மதில். 1677-இல் சிவாஜியின் படை இக்கோட்டையைக் கைப்பற்றியது. ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயர் பிடித்தனர். 1714-இல் இளைஞன் தேசிங்கு போரிட்டு மாண்டான். 1750-இல் பிரெஞ்சுக்காரர் வந்தனர்; 1761-இல் ஆங்கிலேயர் வந்தனர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ இக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. ஊருக்குப் பெருமைதான், மறுப்பார் இல்லை.

ஆனால் தோழர்களே, இக்கோட்டைக்குள் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பெரும் பாறை. அதன் நடுவே கிணறு போன்ற பள்ளம். கைதிக் கிணறு என்பார்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளி, சோறும் நீரும் இன்றிச் சாகவிட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் பார்த்து வியப்பவர்கள், அந்தப் பள்ளத்தின் அருகே ஒரு நிமிடம் நின்று சிந்திக்கவேண்டும். அதனுள் தள்ளப்பட்டவனைப் பார்த்து, "நீ என்ன சொல்கிறாய்?" என்று எவரேனும் கேட்டிருப்பார்களா? கேட்டுத்தான் தீரவேண்டும் என்ற கட்டாயம் எவருக்கு இருந்தது? அரசன் வாயிலிருந்து வந்ததே சட்டம். அவன் நினைத்ததே சாட்சியம்.

அரசர்கள் போனார்கள். முடியும் போயிற்று, கொடியும் போயிற்று. "நான் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சுக் கூடாது" என்ற அந்தக் குரல் மட்டும் போய்விட்டதா? கோட்டையை விட்டு இறங்கிய அக்குரல், எத்தனையோ இடங்களில் குடிபுகுந்தது. அவற்றுள் ஒன்று, நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறை. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் சொல்லவந்தது ஒன்றே ஒன்று. தண்டிக்கும் அதிகாரம் எவர் கையில் இருந்தாலும், தண்டனைக்கு உள்ளாகிறவனின் சொல்லைக் கேட்கும் கடமையும் அவருக்கு உண்டு. நிற்பவன் அரைக்கால் சட்டை போட்ட சிறுவன் என்பதனால், நிற்பவள் இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி என்பதனால், அந்தக் கடமை அணுவளவும் குறைந்துவிடாது.

சிலம்பு தந்த பாடம்

இது மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த கருத்து என்று சிலர் சொல்லக்கூடும். சொல்பவர்களைச் சிலப்பதிகாரத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மதுரையிலே நடந்தது என்ன? பொற்கொல்லன் குற்றம் சாட்டினான். பாண்டியன் நம்பினான். காவலர் வெட்டினர். கோவலனை அரசவைக்கு அழைத்து, "இந்தச் சிலம்பு உன் கைக்கு எப்படி வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மதுரை எரிந்திருக்காது; மன்னன் மாண்டிருக்கமாட்டான். கேள்வி கேட்கப்பட்டது, கொலைக்குப் பின்னால். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த பின்னர்தான், அந்தச் சிலம்பு அரசியுடையது அன்று என்பது அவனுக்குத் தெரிந்தது.

ஆயினும் பாண்டியனிடம் ஒரு பெருமை உண்டு. தவறு செய்தோம் என்று தெரிந்த கணத்திலே அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர்விட்டான். நாம் அந்த அளவுக்கு எவரிடமும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் எவரும் நாற்காலியிலிருந்து விழவேண்டியதில்லை! வெட்டுமுன் கேட்டால் போதும் என்கிறோம், அவ்வளவே.

பிரம்பு போன கதை

திண்ணைப் பள்ளிக்கூட நாள்களில் கோதண்டம் என்றொரு தண்டனை உண்டு. பிள்ளையைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கீழே பிரம்போடு நிற்பார் உபாத்தியாயர். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்று பழமொழியும் செய்துவைத்தார்கள். பெற்றவனே பள்ளிக்கு வந்து, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டுப் போவான். பிள்ளைமேல் அன்பில்லாதவனா அவன்? இல்லை. தான் படிக்கவில்லை, பிள்ளையாவது படிக்கட்டும் என்ற ஏக்கம் அவனுக்கு. அடியும் படிப்பும் ஒன்றோடொன்று பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று அவனை நம்பவைத்துவிட்டார்கள்.

அந்த நம்பிக்கையை உலகம் மெல்ல மெல்லக் கைவிட்டது. போலந்து நாடு 1783-லேயே பள்ளியில் அடிப்பதைத் தடைசெய்தது. நமக்குப் பிரம்பையும் சேர்த்துப் பள்ளி நடத்தக் கற்றுக்கொடுத்த ஆங்கிலேயர், தம் நாட்டு அரசுப் பள்ளிகளில் 1987-இல் பிரம்பைக் கீழே வைத்தனர். 1989-இல் ஐக்கிய நாடுகள் அவை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது; இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. அதன் 12-ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் தன் கருத்தைச் சொல்லவும் அது கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 28-ஆவது பிரிவோ, பள்ளியின் ஒழுங்குமுறை குழந்தையின் மானத்துக்கு இழுக்கு நேராதபடி இருக்கவேண்டும் என்கிறது.

தமிழ்நாட்டில் கல்வி விதிகளின் 51-ஆவது விதி, முன்பு அடிப்பதற்கு இடம் கொடுத்திருந்தது. 2003-இல் அது திருத்தப்பட்டது. பிள்ளையின் உடலையோ மனத்தையோ வருத்தும் தண்டனை கூடாது என்றாயிற்று. 2009-இல் பாராளுமன்றம் கல்வி உரிமைச் சட்டம் இயற்றியது. அதன் 17-ஆவது பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் நாடு முழுவதற்கும் தடைசெய்தது. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், உடல் தண்டனையை ஒழிப்பதற்கான தேசிய ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளைப் பள்ளிதோறும் நடைமுறைப்படுத்துமாறு அரசுக்கு ஆணையிட்டது. 2003-இல் திருத்திய விதிக்கு 2024-இல் மீண்டும் ஆணை வேண்டியிருந்தது என்றால் என்ன பொருள்? ஏட்டில் ஏறிய சட்டம் எல்லா வகுப்பறைகளுக்குள்ளும் இன்னும் நுழையவில்லை என்பதே பொருள்.

காகிதத்தால் அடிக்கும் அடி

பிரம்படி ஒரு வாரத்தில் ஆறும். ஆறாத அடி ஒன்று உண்டு. அது காகிதத்தால் அடிக்கப்படுகிறது. "டி.சி.யைக் கிழித்துக் கொடுத்துவிடுவேன்" என்ற சொல்லைக் கேட்காத பிள்ளை நம் ஊரில் உண்டா?

நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வகுப்பிலே ஏதோ ஒரு பொருள் காணாமற் போகிறது. யாரோ ஒருவன் ஒரு பெயரைச் சொல்கிறான். பெயர் சொல்லப்பட்டவன் வெளியே நிறுத்தப்படுகிறான். "அப்பாவை அழைத்து வா" என்கிறார்கள். அப்பன் யார்? கரும்பு வெட்டப் போனவன்; செங்கல் சூளையில் கிடப்பவன்; கட்டட வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறியவன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓடி வருகிறான். தலைமையாசிரியர் அறையின் வாசலில், துண்டை இடுக்கிக்கொண்டு நிற்கிறான். அவனுக்குத் தெரிவிக்கப்படுவது தீர்ப்பு. குற்றச்சாட்டு என்ன, சாட்சி யார், பையன் என்ன சொன்னான் என்று எவரும் சொல்வதில்லை. கேட்கவேண்டும் என்று அவனுக்கும் தெரிவதில்லை. நீட்டிய இடத்தில் கைநாட்டோ கையெழுத்தோ வைத்துவிட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறான். அந்த வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளையின் படிப்பு, பத்து நிமிடத்தில் முடிந்துபோகிறது.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பள்ளி போனால் இன்னொரு பள்ளி. இவனுக்கோ, இந்தக் கதவு சாத்தப்பட்டால் அடுத்துத் திறப்பது சூளையின் கதவுதான். ஆகவேதான் சொல்கிறேன்: ஒழுங்கு நடவடிக்கை என்பது பள்ளியின் உள்விவகாரம் என்று நாம் ஒதுங்கி நிற்கமுடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வி அடிப்படை உரிமை என்று 2002-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக்கூடாது. வேறு பள்ளிக்கு மாற விரும்பும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே தரவேண்டும். அது தாமதமானது என்று காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக்கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் அது எங்கே நின்றுவிடுகிறது என்று பாருங்கள்: எட்டாம் வகுப்பு வாசலில்! ஒன்பதாம் வகுப்புக்குப் போனவன், பதினைந்து வயதில், அந்தக் குடை இல்லாமல் வெயிலில் நிற்கிறான். பத்தாம் வகுப்பில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாசலில் விளம்பரத் தட்டி கட்டவேண்டும் என்பதற்காக, சற்றே மந்தமாகப் படிக்கும் பிள்ளையை ஒன்பதிலேயே "வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் வழக்கம் ஊரறிந்தது. அந்தத் தட்டியில் எழுதப்படாத பெயர்கள் எத்தனை? குடை தேவைப்படும் வயதில் குடையை மடக்கி வைத்துக்கொள்ளும் இந்தச் சட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டவேண்டும் என்பது நம் கோரிக்கையாகட்டும்.

எவன் சொல் ஏறும்?

கேட்கவேண்டும் என்கிறோமே, எவன் சொல்லைக் கேட்கிறார்கள்? பஞ்சாயத்திலே சொல் ஏறுகிற வீட்டுப் பிள்ளையின் சொல் பள்ளியிலும் ஏறுகிறது. சேரியிலிருந்து வரும் பிள்ளையின் சொல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாகப் பள்ளிக்குச் சென்றபோது தனிச் சாக்கு விரித்து அமர்ந்தார். தண்ணீர்க் குழாயைத் தாமாகத் தொட முடியவில்லை. அந்தச் சிறுவனை எந்த விசாரணையும் இன்றித் தண்டித்தது பிறப்பு.

அது அந்தக் காலம் என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியை அறிவிக்கும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டக்கூடாது என்ற அளவுக்கு அது பேசவேண்டியிருந்தது. கையில் கயிறாக இருக்கும் சாதி, விசாரணை அறையில் செல்வாக்காகவும் இருக்கும் அல்லவா? ஆகவே எல்லோரையும் ஒரே முறையில் கேட்கும் விதி வேண்டும். எழுதிவைத்த விதி இருக்கும் இடத்தில்தான், பெயரில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் பேச வாய் கிடைக்கும்.

நீதிமன்றங்கள் சொன்னவை

இது என் சொந்த ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். நான்கு வழக்குகளைச் சொல்கிறேன், நினைவில் வையுங்கள்.

முதல் வழக்கு, உத்தரப் பிரதேசம். 1954-இல் இண்டர்மீடியட் தேர்வு எழுதித் தேறிய மூன்று மாணவர்கள். தேர்வில் முறைகேடு செய்தார்கள் என்று, பின்னர் தேர்வு வாரியம் அவர்கள் தேர்ச்சியை ரத்துச் செய்தது. 1955-ஆம் ஆண்டுத் தேர்வு எழுதவும் தடைவிதித்தது. அவர்களிடம் விளக்கம் கேட்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1962-இல் நீதிமன்றம் சொன்னது: ஒரு மாணவனின் வாழ்வையே பாதிக்கும் முடிவை எடுக்கும்போது, தேர்வுக் குழு நீதிபதியின் பொறுப்பில் இருக்கிறது, அவன் தரப்பைக் கேட்காமல் முடிவு செய்தது செல்லாது. கவனியுங்கள் தோழர்களே, அந்த மாணவர்கள் முறைகேடு செய்தார்களா இல்லையா என்பதற்கு நீதிமன்றம் நற்சான்று தரவில்லை. கேட்டாயா என்றுதான் கேட்டது.

இரண்டாவது, கேரளம். 1985 ஜூலை 26. பத்தாம் வகுப்பில் ஒருவன், ஒன்பதில் ஒருத்தி, ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி. மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். தம் சமய நம்பிக்கை தடுப்பதனால் பாடமாட்டார்கள். அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று விசாரணைக் குழு சொல்லியும் பயனில்லை. உயர் நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, நீதிபதி தத் ஆகியோர், நீக்கியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்துப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அதற்குப் பெயர். ஐந்தாம் வகுப்புச் சிறுமிக்கும் அரசியல் சட்டம் உண்டு என்று நாடு அறிந்துகொண்ட நாள் அது.

மூன்றாவது, கடல் கடந்த அமெரிக்கா. 1971-இல் கொலம்பஸ் நகரப் பள்ளி ஒன்றின் உணவுக்கூடத்தில் கலவரம். லோப்பஸ் என்ற மாணவன் பள்ளியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டான். தன்னோடு குறைந்தது 75 பேர் அன்று நீக்கப்பட்டனர் என்றும், தான் பொருள்களை உடைக்கவில்லை, அருகே நின்றவன் மட்டுமே என்றும் அவன் சொன்னான். கேட்பார் இல்லை. 1975-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பத்து நாள்வரை நீக்குவதானாலும் குற்றச்சாட்டைச் சொல், ஆதாரத்தைக் காட்டு, மாணவன் சொல்வதைக் கேள் என்றது. அதற்கு வழக்கறிஞர் வேண்டாம். சில நிமிடப் பேச்சே போதும் என்றும் விளக்கியது.

நான்காவது, மதிப்பெண் பற்றியது. தன் விடைத்தாளைக் காட்டச் சொன்ன மாணவனுக்கு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் மறுத்தது. திருத்தப்பட்ட தன் விடைத்தாளைப் பார்க்கத் தகவல் உரிமைச் சட்டப்படி மாணவனுக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாநிலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதியவர்கள் விடைத்தாள் நகல் பெறலாம். மறுகூட்டலும் மறுமதிப்பீடும் கோரலாம். எத்தனை வீடுகளுக்கு இது தெரியும்? முடிவு வந்த நாளில் அழுது தீர்க்கும் பிள்ளையிடம், "நகல் வாங்கிப் பார்ப்போம், வா" என்று சொல்ல அருகிலே ஓர் ஆள் வேண்டாமா?

ஆசிரியருக்கு எதிரானதா?

"இப்படியெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், ஆசிரியரை மதிக்கமாட்டார்கள்" என்று ஒரு குரல் எழும். அக்கவலையை நான் எள்ளி நகையாடமாட்டேன். ஒரே வகுப்பில் அளவுக்கு மீறிய பிள்ளைகள். ஒருவரே இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்கும் பள்ளிகள். கற்பிப்பதை விட்டுக் கணக்கெழுதும் வேலைகள். இவற்றுக்கிடையே நின்று பேசிப் பேசித் தொண்டை வறண்டவர் ஆசிரியர். சக மாணவியைக் கேலி செய்பவனை, இளையவனை அடிப்பவனை, ஆசிரியரையே மிரட்டுபவனைப் பள்ளி கண்டிக்கத்தான் வேண்டும். அடிபட்ட பிள்ளைக்கும் கேட்கப்படும் உரிமை உண்டு. ஒழுங்கில்லாத பள்ளியில் முதலில் நசுங்குவது எளிய வீட்டுப் பிள்ளைதான்.

ஆனால் கேட்டபின் தருகிற தண்டனைக்கு இருக்கும் வலிமை, கேளாமல் தருகிற தண்டனைக்கு இல்லை. குற்றம் செய்தவன், "என்னைக் கேட்டார்கள்; என்னால் மறுக்கமுடியவில்லை" என்று உணர்ந்தால் திருந்துவான். செய்யாதவன் தண்டிக்கப்பட்டால், பள்ளியின்மேல் அன்று கொண்ட வெறுப்பை அவன் வாழ்நாள் முழுதும் சுமப்பான். வகுப்பில் இருந்த நாற்பது பேரும், உண்மைக்கு இங்கே விலையில்லை என்று கற்றுக்கொள்வார்கள். அந்தப் பாடத்தை எந்தப் பாடநூலாலும் பின்னர் அழிக்கமுடியாது. கேட்டு, எழுதிவைத்து, முடிவெடுக்கும் ஆசிரியர்மீது நாளைக்கு எவரும் பழிசுமத்தவும் முடியாது. பிள்ளைக்குக் கேடயமாக இருக்கும் விதி, ஆசிரியருக்கும் கேடயமே.

நம் வேலை

தோழர்களே! கேட்டோம், கைதட்டினோம், கலைந்தோம் என்று போய்விட்டால் இந்தப் பேச்சினால் பயனில்லை. ஒவ்வொரு ஊர்ப் படிப்பகத்திலும் ஓர் ஆள் இந்த வேலைக்கென்று இருக்கட்டும். பள்ளி அழைத்ததும் தனியே நடுங்கிப் போகும் தகப்பனோடு அவர் உடன் செல்லட்டும். கூச்சலிடவேண்டாம்; கும்பல் சேர்க்கவேண்டாம்; ஆசிரியருக்கு வணக்கம் சொல்லி அமர்ந்து, நான்கு கேள்விகளைப் பணிவாகக் கேட்கட்டும். குற்றச்சாட்டு என்ன? எழுத்தில் தருவீர்களா? எந்த ஆதாரத்தைக் கொண்டு சொல்கிறீர்கள்? பிள்ளை சொன்னதை எழுதிக்கொண்டீர்களா?

பதில் கிடைக்காவிட்டால் அடுத்த படி உண்டு. அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; சட்டப்படி அதன் உறுப்பினரில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலிகளில் நம் தாய்மார்கள் பெயரளவுக்கு அமராமல், பேச அமரவேண்டும். அதற்கும் மேலே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். விழுப்புரத்தில் முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் மனு வாங்குகிறார். சென்னையில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய தொலைபேசி எண்களைப் படிப்பகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள்; கொடுத்த மனுவுக்கு ரசீது வாங்கக் கற்றுக்கொடுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. அது வீட்டுக்குள் செய்யவேண்டியது. பள்ளியிடம் கேட்கச் சொல்லும் நாம், நம் வீட்டில் கேட்கிறோமா? புகார் வந்ததும் கையை ஓங்கிவிட்டுப் பிறகு விசாரிக்கும் அப்பன், பாண்டியனுக்கு எந்த வகையில் மேலானவன்? "என்னப்பா நடந்தது? பயப்படாமல் சொல்" என்று முதலில் வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும். வீட்டில் வாய் திறந்து பழகிய பிள்ளைதான் பள்ளியிலும் நிமிர்ந்து நின்று தன் பக்கத்தைச் சொல்லும்.

அப்படி நிமிர்ந்து நின்று சொல்லக் கற்றவன், நாளைக்குக் கூலி குறைந்தால் கேட்பான். ரேஷன் அளவு குறைந்தால் கேட்பான். வாக்கு வாங்கிப் போனவர் வராவிட்டால் கேட்பான். கேட்கத் தெரிந்த மக்களைத்தான் குடிமக்கள் என்கிறோம். அவர்களை உருவாக்கும் இடம் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளை பேசட்டும், பெரியவர்கள் கேட்கட்டும், அதன் பின்னர் தீர்ப்புச் சொல்லட்டும். அந்த வழக்கம் ஊருக்கு ஊர் வேரூன்றும்வரை நமக்கு ஓய்வில்லை. நாளைக் காலை பள்ளி மணி அடிக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்.